கட்டிலுக்குக் கீழே ஒரு பெற்றோல் ஷெட்: தோட்டத் துரைமாருக்கும் பிரதேச சபைத் தவிசாளர்மாருக்கும் ஒரு திறந்த மடல்

நுவரெலியா மாவட்டத்துத் தோட்ட முகாமையாளர்களுக்கும் பிரதேச சபைத் தவிசாளர்களுக்கும்,

வணக்கம். இரண்டு தரப்புக்கும் சேர்த்து ஒரே மடலாக எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. லயம் என்கிற எங்கள் தொழிலாளர் வரிசை வீடுகளின் பிரச்சினை எதைக் கொண்டு போனாலும் துரை சபையைக் கைகாட்டுவார், சபை துரையைக் கைகாட்டும். நடுவில் நடந்து நடந்து செருப்புத் தேய்ந்ததுதான் மிச்சம். இந்த முறை உங்கள் இருவரையும் ஒரே வாங்கில் உட்கார வைத்து, லயத்தில் பெற்றோல் வைக்கிற பிரச்சினையைப் பேசலாம் என்று நினைத்தேன்.

காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கிற எங்கள் பிரட்டுக் களத்துப் பலகையில் ஓர் அறிவித்தல் இருக்கிறது. லயன் அறைகளில் பெற்றோல், டீசல், மண்ணெண்ணெய் வைத்திருக்கத் தடை, மீறினால் நடவடிக்கை என்று எழுதியிருக்கும். மழையில் மை கரைந்து, இப்போது 'நடவடி' வரைக்கும்தான் வாசிக்க முடிகிறது. அந்தத் தாள் பலகைக்கு வந்ததற்கு ஒரு வகையில் நானும் காரணம். அதனால் முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

கந்தப்பளைப் பக்கம் எனக்கு ஒரு துண்டுக் காணியில் உருளைக்கிழங்கும் லீக்ஸும். ஒரு பழைய லேண்ட்மாஸ்டர் (இரண்டு சில்லு உழவு மெஷின்), ஒரு தண்ணி மோட்டார், ஒரு புல்லு வெட்டும் மெஷின், இதுதான் சொத்து. லேண்ட்மாஸ்டர் டீசல் குடிக்கும், மற்ற இரண்டும் பெற்றோல். 2023 பெப்ரவரியில் ஒரு நாள் விடியக்காலை நாலே முக்கால் இருக்கும். இரவு உறைபனி கொட்டியிருந்தது. கிழங்குச் செடி இலையில் உறைந்த பனியை வெயில் ஏறுவதற்கு முன் தண்ணீர் அடித்துக் கழுவாவிட்டால் இலை கருகிப்போகும் என்பது இந்தப் பக்கத்துத் தோட்டக்காரர் எல்லோருக்கும் தெரியும். அதனால் அவசரம். வெளியே விரல் மரத்துப்போகிற குளிர் என்பதால் மோட்டாரை இஸ்தோப்பிலேயே, அதாவது முன் திண்ணையிலேயே, வைத்துப் பெற்றோல் நிரப்பினேன்.

கேன் எங்கே இருந்தது என்று கேட்பீர்கள். கட்டிலுக்குக் கீழே. முன்பு சமையல் எண்ணெய் வந்த 10 லீற்றர் கேன். மூடி சரியாக இறுகாது என்பதால் சொப்பிங் பையைக் கிழித்து வாயில் வைத்து அதன் மேல் மூடியைத் திருகியிருந்தேன். எங்கள் லயத்தில் எல்லோரும் அப்படித்தான் செய்வோம். புனல் கிடையாது. தண்ணீர்ப் போத்தல் ஒன்றின் அடியை வெட்டிக் கவிழ்த்துப் பிடித்தேன். கையில் போன் வெளிச்சம் ஆடியது, ஒரு கோப்பையளவு தரையில் சிந்தியது. சாக்கால் துடைத்துவிட்டு மறுபடி ஊற்றினேன்.

பின்னால் குசினியில் அம்மா அடுப்பு மூட்டினார். எனக்கும் அடுப்புக்கும் இடையில் ஒரு காம்பரா, அதாவது ஒரு அறை, பன்னிரண்டு அடிக்குக் குறையாத தூரம். குசினித் தரை இஸ்தோப்பைவிட ஒரு படி பள்ளம். நெருப்புக்குச்சி உரசிய சத்தம் கேட்டது, அதற்கடுத்த நொடி தரையோடு தரையாக ஒரு நீலம் என்னை நோக்கி ஓடி வந்தது. வாளி கவிழ்ந்தால் சீமெந்துத் தரையில் தண்ணீர் பரவுமே, அந்த மாதிரி. சத்தமும் பெரிதாக இல்லை. சாக்கை ஒரு தடவை உதறினால் வருகிற அளவு. வெட்டிய போத்தல் கையில் எரிந்தது, சட்டைக் கை பற்றியது. சுவர் பூசக் கொண்டுவந்து வைத்திருந்த மணல் மூட்டையைத் தம்பி அப்படியே இழுத்துக் கொட்டினான், மதினி ஈரப் படங்கைக் கொண்டுவந்து கேன்மேல் போட்டார். கேனில் மூன்று லீற்றர்தான் இருந்தது. முந்தின நாள்போல நிறைய இருந்திருந்தால் இந்த மடலை வேறு யாராவது எழுத வேண்டியிருந்திருக்கும்.

அம்மாவுக்குப் புருவமும் முன்முடியும் பொசுங்கியது. என் வலது முன்கையில் தழும்பு இருக்கிறது. எங்கள் லயம் பன்னிரண்டு காம்பரா, எல்லாவற்றுக்கும் ஒரே தகரக் கூரை. சுவர்கள் கூரை வரைக்கும் போவதில்லை, மேலே ஒரே பொந்து. ஒரு காம்பராவில் அடுப்பு ஊதினால் நாலாவது காம்பராவில் இருமுவார்கள். அன்றைக்குக் கூரை பிடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நான் விளக்கத் தேவையில்லை. லயங்கள் எரிந்த செய்தி ஆண்டுதோறும் வருகிறது. பெரும்பாலும் மின்கசிவு என்பார்கள். சரி, மின்கசிவாகவே இருக்கட்டும். அந்தத் தீ போய்ச் சேர்ந்த கட்டிலுக்குக் கீழே என்ன இருந்தது என்று யாரும் கேட்பதில்லை.

இரண்டு நாளில் அறிவித்தல் ஒட்டப்பட்டது. அதே வாரம் அதே அலுவலகத்திலிருந்து புல்லு வெட்டும் கொந்தரப்புக்காரர்களுக்கு (ஒப்பந்த வேலையாட்களுக்கு), ஓயில் கலந்த பெற்றோலை ஒன்றரை லீற்றர் சோடாப் போத்தலில் ஊற்றிக் கொடுத்தார்கள். வேலை முடியும் நேரம் ஸ்டோர் பூட்டியிருக்கும். மிச்சப் பெற்றோலை அவர்கள் எங்கே கொண்டு போவார்கள்? வீட்டுக்குத்தான். தடை போட்டவரே தடை செய்த பொருளைப் போத்தலில் போட்டுக் கையில் தருகிறார். இதைக் குற்றம் சொல்வதற்காகச் சொல்லவில்லை (கொஞ்சம் அதற்காகவும்தான்). அந்தத் தாளை எழுதியவருக்கு எண்ணெய் எங்கே இருந்து எங்கே போகிறது என்று தெரிந்திருக்கவில்லை, அதைத்தான் சொல்ல வருகிறேன்.

ஏன் வீட்டில் வைக்கிறோம்? பெற்றோல் ஷெட்டுக்குப் போய் வர ஒரு பாதி நாள், ஆட்டோக் கூலி தனி. லேண்ட்மாஸ்டரை அந்தப் பள்ளத்தில் இறக்கி ஏற்றினால் ஊற்றின டீசலில் ஒரு பங்கு அதற்கே போய்விடும். தண்ணி மோட்டாருக்குச் சில்லு கிடையாது, அது ஷெட்டுக்கு நடந்து போகாது. ஆகவே கேன். அப்புறம் 2022. அந்த ஆண்டை நாங்கள் யாரும் மறக்கவில்லை. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேர மின்வெட்டு. ஜூன் 28 முதல் ஜூலை 10 வரை அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும்தான் எரிபொருள் என்றார்கள். பிறகு எரிபொருளைப் பங்கிட்டுக் கொடுக்கக் கியூஆர் குறியீடு வந்தது. அது வண்டித் தகட்டு இலக்கத்தை வைத்துத் தொடங்கிய ஏற்பாடு, தண்ணி மோட்டாருக்குத் தகடு ஏது? 2023 செப்டெம்பர் 1 அன்று கியூஆரை நீக்கினார்கள். ஆனால் ஐந்து லீற்றராவது கையில் இருக்க வேண்டும் என்ற பயத்தை நீக்க எந்த வர்த்தமானியாலும் முடியாது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலில் மண் சரிந்து பாதைகள் மூடினபோது அந்தப் பயம் இன்னும் ஒரு படி ஏறியது. எண்ணெய்ப் பவுசர் எப்போது வரும் என்று தெரியாதவன் கேனை நிரப்பித்தான் வைப்பான்.

அந்த மின்வெட்டுக் காலத்து இரவுகளை நினைத்தால் இப்போதும் எனக்கு முதுகு சில்லென்கிறது. மேசையில் குப்பி விளக்கு, சாமிப் படத்துக்கு முன் மெழுகுவர்த்தி, கட்டிலுக்குக் கீழே வரிசையில் நின்று வாங்கிய பெற்றோல். அதன் மேல் பிள்ளைகள் தூங்கினார்கள். எங்கள் லயத்தில் மட்டும் குறைந்தது ஏழு காம்பராவில் அப்படி.

இனி எண்ணெயைப் பற்றிக் கொஞ்சம். கை வெந்த பிறகுதான் நான் இதையெல்லாம் தேடிப் படித்தேன். எங்கள் ஆட்களிடம் ஒரு நம்பிக்கை இருக்கிறது: இந்தக் குளிரில் பெற்றோல் அவ்வளவு சீக்கிரம் பற்றாது என்று. நானும் நம்பினேன். ஆனால் பற்றுகிற அளவு ஆவியைப் பெற்றோல் பூச்சியத்துக்குக் கீழே 40 பாகையிலேயே விடத் தொடங்கிவிடும். நுவரெலியாவில் புல் வெளுக்கிற உறைபனிகூட அதற்குக் கொதிக்கிற வெயில்தான். மண்ணெண்ணெய்க்கு 38 பாகைக்கு மேல் வேண்டும், டீசலுக்கு 50க்கும் மேல். எனவே மூன்றையும் ஒரே வரியில் போட்டு 'எரிபொருள் தடை' என்று எழுதுவது, பூனையையும் சிறுத்தையையும் ஒரே கூட்டில் அடைத்து 'மிருகம்' என்று பலகை மாட்டுவது போல. மண்ணெண்ணெயும் டீசலும் எரியாதவை என்று சொல்லவில்லை. திரியோ சாக்கோ சூடோ கிடைத்தால் அவையும் எரியும். பெற்றோலுக்கு இதில் எதுவும் வேண்டாம், ஒரு பொறி போதும். அந்தப் பொறி பக்கத்தில் இருக்க வேண்டும் என்றுகூட இல்லை.

பெற்றோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனம். மேலே போகாது, தரையில் படிந்து பள்ளம் பார்த்து நகரும். காலையில் பள்ளத்தாக்கில் பனிமூட்டம் இறங்கிக் கிடக்குமே, அதுதான் கணக்கு, இது கண்ணுக்குத் தெரியாது என்பது மட்டும் வித்தியாசம். ஒரு தேநீர்க் கோப்பை, அதாவது 200 மில்லிலீற்றர் பெற்றோல் முழுதாக ஆவியானால் ஏறக்குறைய 40 லீற்றர் ஆவி வரும். காற்றில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு இருந்தாலே அது பற்றும். பத்துக்குப் பன்னிரண்டு காம்பராவின் தரை முழுவதும் கணுக்காலுக்கு மேலே வரை நிரப்ப அந்த ஒரு கோப்பை போதும். அன்றைக்கு நான் சிந்தியது அவ்வளவுதான். அது குசினிக்குப் படியிறங்கிப் போய் அடுப்பைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்தது.

மலையில் இன்னொரு விசேஷம். கீழ்நாட்டில் நிரப்பிய கேன் மேலே வரும்போது வயிறு உப்பும். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர். காற்றழுத்தம் கொழும்பில் இருப்பதைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அவிசாவளையில் நிரப்பிய கேனைக் கந்தப்பளையில் திறந்தால் 'ஸ்ஸ்ஸ்' என்று ஒரு பெருமூச்சு விடும். அந்த மூச்சில் வருவது பெற்றோல் ஆவி கலந்த காற்று. அதை நாங்கள் குசினி வாசலில் வைத்துத் திறப்போம். விளிம்பு வரை நிரப்பினால் வேறு தொல்லை. அதிகாலைக் குளிரில் வாங்கிய 20 லீற்றர் பெற்றோல் மத்தியான வெயிலில் தகரத்துக்குக் கீழே இருபது பாகை சூடேறினால் கிட்டத்தட்ட 400 மில்லிலீற்றர் பெருகும். இடம் இல்லாவிட்டால் சொப்பிங் பை மூடியைத் தள்ளிக்கொண்டு வரும்.

இப்போது பாத்திரத்துக்கு வருகிறேன், எனக்கு இதுதான் முக்கியம். டொக்டர் விஜய கொடகும்புர என்று ஒரு சத்திரசிகிச்சை நிபுணர். மண்ணெண்ணெய்க் குப்பி விளக்குச் சரிந்து வெந்து வந்தவர்களைப் பார்த்துப் பார்த்து, 1992 வாக்கில் ஒரு விளக்கைச் செய்தார். 'சுதீப' என்று பெயர். குள்ளமான, கனமான கண்ணாடி; இரண்டு பக்கம் தட்டை, விழுந்தாலும் உருளாது; திருகி இறுக்கும் உலோக மூடி, சரிந்தாலும் எண்ணெய் கொட்டாது. அவ்வளவுதான். 1998இல் அதற்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது. அவர் ஏழைகளிடம் போய் 'விளக்கு ஏற்றாதீர்கள்' என்று அறிவித்தல் ஒட்டவில்லை. விளக்கு எரியத்தான் போகிறது என்பதை ஒப்புக்கொண்டு, குப்பியின் வடிவத்தை மாற்றினார். உங்களிடமும் இதைத்தான் கேட்கிறேன். லயத்தில் எண்ணெய் இருக்கத்தான் போகிறது. கேனை மாற்றுங்கள், அதை வைக்கிற இடத்தை மாற்றுங்கள்.

எண்ணெய்க்கென்று செய்த கேன் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்கு வித்தியாசம் தெரியும். சுவர் தடிப்பு, மூடிக்குள் ரப்பர் வளையம், ஊற்றுவதற்குச் சரியான மூக்கு. மெல்லிய பிளாஸ்டிக் கேனுக்கும் தண்ணீர்ப் போத்தலுக்கும் இவை ஒன்றும் கிடையாது, நாளடைவில் சில இளகியும் போகும். எங்கள் பக்கத்துக் கடைகளில் நல்ல கேன் கிடைப்பது அரிது, கிடைத்தால் விலை ஒரு நாள் சம்பளத்தைத் தின்னும். எங்கள் ஆட்கள் வாங்காததற்கு அலட்சியம் பாதிக் காரணம், விலை மீதிக் காரணம். தோட்டம் மொத்தமாக வாங்கிச் சம்பளத்தில் நாலைந்து மாதம் பிடித்துக்கொள்ளலாம். சைக்கிளுக்கும் டீவிக்கும் பிடித்த அனுபவம் உங்களுக்கு உண்டு.

நிறமும் வேண்டும். அமெரிக்காவில் பெற்றோலுக்குச் சிவப்பு, டீசலுக்கு மஞ்சள், மண்ணெண்ணெய்க்கு நீலம் என்று ஒரு வழக்கம். வாசிக்கத் தெரியாத பாட்டிக்கும் நிறம் தெரியும். இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், மாரிக் காலத்தில் விறகு ஈரம். ஈர விறகு பிடிக்காது. உடனே ஒரு சொட்டு லாம்பெண்ணெயை, அதாவது மண்ணெண்ணெயை, அடுப்பில் தெளிப்பது எங்கள் எல்லா வீட்டிலும் நடக்கிறது. அதுவே தப்பு, தணல் மேல் என்றால் இன்னும் தப்பு. அந்தப் போத்தலும் பெற்றோல் போத்தலும் ஒன்றுபோல் இருந்து, இருட்டில் கை மாறினால்?

போத்தல் என்றதும் அடுத்த காம்பராப் பிள்ளையின் ஞாபகம் வருகிறது. இரண்டரை வயது. அடுப்படியில் சோடாப் போத்தலில் இருந்த மண்ணெண்ணெயை எடுத்து ஒரு வாய் குடித்துவிட்டான். பாட்டி பதறிப்போய்த் தொண்டையில் விரலை விட்டு வாந்தி எடுக்க வைத்தார். அன்பில் செய்ததுதான், ஆனால் அதுதான் மோசம். மண்ணெண்ணெய் வயிற்றில் செய்வதைவிட நுரையீரலுக்குள் போனால் செய்வது அதிகம், வாந்தி எடுக்கும்போது அது மூச்சுக்குழாயில் இறங்குகிறது. பிள்ளை ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் ஒட்சிசனோடு கிடந்து பிழைத்தான். வாந்தி எடுக்க வைக்காமல் உடனே 1990க்கு அழைத்து அம்புலன்ஸில் கொண்டு வந்திருக்க வேண்டும் என்று வார்டில் இருந்த டொக்டர் சொன்னார். இந்த ஒரு வரியைப் பிள்ளைக்காம்பரா என்கிற குழந்தைகள் காப்பகத்துச் சுவரில் தமிழில் எழுதி வைக்க எவ்வளவு செலவாகும், துரை? இதே காரணத்துக்காகத்தான் ரப்பர் குழாயை வாயால் உறிஞ்சி டாங்கியிலிருந்து எண்ணெய் இறக்குகிற எங்கள் பொடியன்களையும் நான் திட்டுகிறேன். கேட்பதில்லை. கையால் அமுக்குகிற பம்ப் ஒன்று லயத்துக்கு ஒன்று இருந்தால் திட்டவே தேவையில்லை.

அப்புறம் இடம். ஸ்டோருக்குப் பக்கத்தில் தோட்டத்து டீசல் தாங்கி இருப்பதைப் பார்த்திருக்கிறேன். சுற்றிலும் குட்டைச் சுவர், சிவப்பு வாளியில் மணல், புகைக்கக் கூடாது என்ற பலகை, பூட்டு. தோட்டத்து எண்ணெய்க்கு இப்படி ஒரு வீடு இருக்கிறது. எங்கள் எண்ணெய் எங்களோடு படுக்கிறது. நான் கேட்பது அந்த வீட்டின் ஒரு சின்னப் பிரதி, ஒவ்வொரு லய வரிசைக்கும் ஒன்று.

பெரிய கட்டடம் வேண்டாம். ஆறடிக்கு ஆறடி, சீமெந்துத் தரை, வாசலில் ஒரு சாண் உயரத் திட்டு, கேன் ஒழுகினாலும் வெளியே ஓடாதபடி. சுவருக்குப் பதில் கம்பி வலை போதும். காற்றுப் போக்கு மேலே மட்டும் இருந்து பிரயோசனமில்லை, தரையோடு இருக்க வேண்டும், ஆவி அங்கேதான் கிடக்கும். மேலே தகரம். கரண்ட் இழுக்கவே கூடாது, பல்ப் சுவிட்சும் ஒரு பொறிதான். லயத்திலிருந்து ஐம்பது அடியாவது தள்ளி. இதில் மலை நாட்டுக்காரர் மட்டும் யோசிக்க வேண்டிய ஒன்று உண்டு. இடம் லயத்துக்கு மேற்பக்கம் இருக்கக் கூடாது. ஆவியும் ஒழுகின எண்ணெயும் இறக்கம் பார்த்து வீட்டுக்கு வரும். கீழ்ப்பக்கம் வைத்தால், அதற்கும் கீழே பணியக் கணக்கு (கீழ்ப் பிரிவு) லயம் இருக்கிறதா, தண்ணீர் பிடிக்கிற பீலி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் பக்கவாட்டில். மேசையில் வரைபடத்தை விரித்துப் பார்த்தால் இது தெரியாது. ஒரு தடவை இறங்கி நடந்து பாருங்கள்.

ஒரு வாளித் தண்ணீரை லயத்து வாசலில் ஊற்றி அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்தாலே பாதி விடை கிடைக்கும். பெற்றோல் தீயில் தண்ணீர் ஊற்றக் கூடாது என்பதற்கும் அதுவே காரணம். பெற்றோல் தண்ணீரின் மேல் மிதந்து எரிந்துகொண்டே அதே வழியில் ஓடும். எங்கள் ஆட்கள் தீ என்றால் முதலில் தூக்குவது தண்ணீர் வாளியைத்தான். அன்று தம்பி மணலைத் தூக்கியது புத்தியால் அல்ல, மூட்டை காலில் தட்டியதால். ஆகவே கொட்டகை வாசலில் இரண்டு வாளி மணலும், முடிந்தால் ஒரு உலர்தூள் தீயணைப்பானும். நகரத்திலிருந்து தீயணைப்பு வண்டி எங்கள் வளைவுகளில் ஏறி வருவதற்குள் தகரம் ஆறிவிடும்.

ஒரு வீட்டுக்கு எவ்வளவு என்று நீங்கள் கேட்கலாம், கேட்க வேண்டியதும்தான். இந்த லயங்களைக் கட்டிவிட்டுப் போன வெள்ளைக்காரனின் ஊரான பிரித்தானியாவில் 2014இல் ஒரு விதி கொண்டு வந்தார்கள். வீட்டில் 30 லீற்றர் பெற்றோல் வரை யாருக்கும் அறிவிக்காமல் வைத்திருக்கலாம். பிளாஸ்டிக் கேன் என்றால் ஒன்று 10 லீற்றருக்கு மேற்படக் கூடாது, உலோகக் கேன் என்றால் 20. அங்கே ஆளுக்கொரு தனி வீடு, பின்னால் தோட்டம், அதில் ஒரு கொட்டில். எங்களுக்கு ஒரே கூரைக்குக் கீழே பன்னிரண்டு குடும்பம். எனவே காம்பராவுக்குள் பெற்றோல் ஒரு சொட்டும் வேண்டாம், கொட்டகையில் வீட்டுக்கு 10 லீற்றர் என்று வையுங்கள். நான் ஒப்புக்கொள்கிறேன், எங்கள் லயத்தையும் ஒப்புக்கொள்ள வைப்பேன். அடுப்புக்கான மண்ணெண்ணெய் ஒன்றிரண்டு லீற்றர் வீட்டில் இருக்கட்டும், நீலக் கேனில், பிள்ளை எட்டாத உயரத்தில். 2022 ஓகஸ்டில் அதன் விலையை ஒரே நாளில் 87 ரூபாயிலிருந்து 340 ஆக ஏற்றிய பிறகு யாரும் அதைக் குடம் குடமாய்ச் சேர்ப்பதில்லை.

டீசலைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. எங்கள் ஊர் ஈரத்தில் பாதி காலியான ட்ரம்மில் பனிக்காற்றுப் புகுந்து தண்ணீராய் அடியில் தங்கும், கொஞ்ச நாளில் சளி மாதிரி ஒன்று வளர்ந்து ஃபில்டரை அடைக்கும். சேர்த்து வைக்கிறவர்களுக்கு இது தெரிந்தாலே பாதிப் பேர் சேர்ப்பதை விட்டுவிடுவார்கள். பெற்றோலும் மாதக் கணக்கில் கிடந்தால் கெட்டு கார்பரேட்டரில் பிசின் கட்டும். ஓயில் கலந்தது இன்னும் சீக்கிரம். மெஷினைப் பொறுத்து லீற்றருக்கு 20 அல்லது 40 மில்லிலீற்றர் ஓயில். அன்றைக்கு வேண்டியதை அன்றைக்கே கலந்து கொடுத்து, மாலையில் மிச்சத்தைத் திருப்பி வாங்க ஒருவர் ஸ்டோர் வாசலில் அரை மணி நேரம் கூட நின்றால் சோடாப் போத்தல் லயத்துக்கு வராது. துரை அவர்களே, இது காசு செலவில்லாத கோரிக்கை. நாளைக்கே செய்யலாம்.

தவிசாளர் அவர்களே, உங்கள் பக்கம். தோட்டத்துக்குள் சபை நிதியைச் செலவிடச் சட்டம் இடம் தராது என்று முன்பு சொல்வீர்கள். அது அப்போது உண்மையாகவும் இருந்தது. 2018இல் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவைத் திருத்தி அந்தக் கதவைத் திறந்தார்கள். அதற்குப் பிறகும் பழைய பதிலே வருகிறது. ஒரு கொட்டகைக்கான சீமெந்தும் வலையும் தகரமும் சபையின் ஒரு விழாச் செலவுக்குள் அடங்கும் என்று நினைக்கிறேன். பொன்னாடைகளைக் குறைத்தாலே போதும். ஷெட்காரர்களோடும் நீங்கள்தான் பேச முடியும். சரியான கேன் கொண்டு வருகிறவனுக்குத் தயங்காமல் எண்ணெய் அடியுங்கள், தண்ணீர்ப் போத்தல் நீட்டுகிறவனைத் திருப்பி அனுப்புங்கள் என்று. இப்போது நடப்பது தலைகீழ். தெரிந்த முகம் என்றால் போத்தலிலும் அடிக்கிறார்கள், தெரியாத முகம் என்றால் நல்ல கேனையும் திருப்புகிறார்கள். அடிக்கும்போது கேனை ஆட்டோ சீட்டிலோ லொறித் தட்டிலோ வைக்காமல் தரையில் இறக்கி வைத்து, குழாய் மூக்கைக் கேன் வாயில் தொட்டபடி அடிக்க வேண்டும் என்றும் ஒரு வார்த்தை. நிலைமின் பொறி ஒன்று போதும். என் கண் முன்னாலேயே மடியில் கேனை வைத்துக்கொண்டு மோட்டார் சைக்கிளில் இருந்தபடி அடித்துக்கொண்டு போகிறார்கள்.

எங்கள் தப்பையும் மறைக்கவில்லை. சூடு ஆறாத மெஷினில் எண்ணெய் ஊற்றுகிறோம், பீடியை உதட்டில் வைத்துக்கொண்டு ஊற்றுகிறவரும் உண்டு. எங்கள் லயத்தில் ஒரு மாமா இருக்கிறார், 'நாப்பது வருசமா இப்படித்தான், எனக்கு ஒண்ணும் ஆகல' என்பார். அவரிடம் என் கையைக் காட்டினேன். 'நீ கவனமில்லாம ஊத்தியிருப்ப' என்றார். உண்மைதான், கவனமில்லாமல்தான் ஊற்றினேன். விடியக்காலை நாலே முக்காலுக்கு, உறைபனியில், போன் வெளிச்சத்தில் யாருக்குக் கவனம் இருக்கும்? கவனம் தப்பினாலும் ஆள் தப்பவேண்டும், அதற்குத்தான் இந்த ஆறடிக் கொட்டகை.

எங்கள் லய வரிசைக்குத் தெற்கே, பழைய பிள்ளைக்காம்பரா இடிந்த இடத்துக்குப் பக்கத்தில், ஒரு தட்டையான துண்டு இருக்கிறது. லயத்திலிருந்து நான் அடியெடுத்து அளந்தேன், எழுபது அடி. கீழே லயம் இல்லை, பீலி மறுபக்கம். மண்ணைச் சமப்படுத்தவும் தரை போடவும் நாங்களே ஒரு ஞாயிற்றுக்கிழமை சிரமதானம் செய்கிறோம். தொழிற்சங்கத் தலைவர்மாரிடம் பேசிவிட்டேன், இரு சங்கத்துக்காரரும் சரி என்றார்கள், அதுவே ஓர் அதிசயம். பொருளும், இடத்துக்கான எழுத்து அனுமதியும்தான் வேண்டும். சாவி யாரிடம் இருப்பது என்பதில் மட்டும் இன்னும் சண்டை ஓயவில்லை. அதை நாங்கள் பிரட்டுக் களத்தில் பார்த்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கந்தப்பளைப் பக்கத்து லயமொன்றிலிருந்து ஒரு மரக்கறித் தோட்டக்காரன்